ஊர்நினைப்பு என்னும் வியாதியின் நிதானமும் சிகிச்சையும்

மேல்நாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளைப் பற்றுகிற வியாதிகளுள் ஜலதோஷத்துக்கு அடுத்தபடி பிரசித்தமானது ஊர்நினைப்பு. ஜலதோஷத்துக்குச் சுக்குக் கஷாயம் முதல் ஆயிரம் மருந்துகள் இருக்க, இதற்கு மட்டும் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்ற ஒற்றை வாக்கியத்தைக் கையில் கொடுத்து விமானம் ஏற்றிவிடும் அநீதியைக் கண்டு பொறாமல், இதன் சரித்திரம், நிதானம், சிகிச்சை ஆகிய மூன்றையும் முறைப்படி ஆராயத் துணிந்தோம்.

சரித்திரத்தை முதலில் பார்ப்போம். 1688-இல் ஸ்விட்ஜர்லாந்தின் பாஸல் சர்வகலாசாலையில் ஜோஹன்னஸ் ஹோபர் என்னும் வைத்திய மாணவர் எழுதிய ஆராய்ச்சியே இவ்வியாதியைச் சாஸ்திர ரீதியாக நிலைநாட்டியது. அவர் காட்டும் நோயாளிகளுள் ஒருவன், பேர்ன் நகரத்திலிருந்து பாஸலுக்குப் படிக்க வந்த வாலிபன். ஜுரமும் மனக்கலக்கமும் முற்றி, இனிப் பிழையான் என்று எல்லோரும் கைவிட்ட நிலையில், கடைசி உபாயமாக அவனை ஊருக்கு வண்டியேற்ற, பேர்ன் போய்ச் சேருமுன்பே பையன் பூரண சுகமடைந்துவிட்டானாம். இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட தூரம் சுமார் 100 கிலோமீட்டர்தான் என்பதையும், நம் நாட்டில் ஏறக்குறைய அவ்வளவு தூரம் தினந்தோறும் ரயிலில் போய்ப் படித்துவிட்டு இராச்சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் பிள்ளைகள் உண்டு என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இனி நிதானம். சூரிச் நகரத்துப் பண்டிதர் ஷாய்க்ஸர், மலைமேல் மெல்லிய காற்றைச் சுவாசித்துப் பழகியவர்கள் சமவெளிக்கு இறங்கும்போது, அங்குள்ள கனத்த காற்று தேகத்தை அழுத்துவதே காரணம் என்றும், நோயாளியைக் குன்றின்மீதோ கோபுரத்தின்மீதோ ஏற்றி வைத்தால் குணம் காணும் என்றும் சாதித்தார். இந்தப் பூர்வபக்ஷம் வால்பாறைக்காரர் வரையில் செல்லுமேயன்றி, கடல்மட்டத்து நாகப்பட்டினத்தில் பிறந்து, ஏறக்குறைய அதே மட்டத்திலுள்ள லண்டனில் போய் ஏங்கும் பிள்ளையின் விஷயத்தில் செல்லாது.

அப்படியானால் காரணம் வயிறுதான் என்று நம் வீட்டுப் பாட்டிமார்கள் சொல்லும் கட்சி மேலானதா? 1888-இல் லண்டன் சேர்ந்த காந்தியடிகள் இரவுகளில் வீட்டை நினைத்துக் கண்ணீர் வடித்ததும், பாரிங்டன் வீதியில் ஒரு சைவ போஜனசாலையைக் கண்டபின் வயிறார உண்டதும் அவரே எழுதி வைத்த விஷயங்கள். ஆனால் வயிறு நிறைந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. குடியிருந்த பேஸ்வாட்டர் பகுதியில் சைவ உணவுக்காரர்களைக் கூட்டி ஒரு சங்கம் வைத்தார். வயிறு மட்டுமே காரணமாயின் சங்கம் எதற்கு? அன்றியும், நள்ளிரவில் எவர்சில்வர் சம்புடத்தின் மூடியைத் திறந்து, பருப்புப் பொடியை ஒரு முறை மோந்து பார்த்து, சோற்றில் போட்டுப் பிசையாமலே மூடிவைத்துவிட்டுப் படுக்கும் பிள்ளைகளை நாம் அறிவோம். மருந்து கைக்கெட்டியும் நோய் தீரவில்லை என்றால் அது மருந்தே அன்று.

இங்கே கணித மேதை ராமானுஜனுடைய சரித்திரம் நமக்குப் பெருந்துணை புரிகிறது. 1914-இல் கேம்பிரிட்ஜ் போன அவர், தம் கையாலேயே சமைத்து உண்டு வந்தவர். ஒரு நாள் விருந்துக்கு அழைத்த நண்பர்களுக்கு ரசம் பரிமாற, அவர்கள் மறுமுறையும் வாங்கிக்கொண்டு மூன்றாம் முறை வேண்டாமென்ற மாத்திரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறி ஆக்ஸ்போர்டுக்குப் போய்விட்டார் என்றும், சில தினங்களுக்குப் பின் பணம் அனுப்பும்படி அங்கிருந்து தந்தி கொடுத்தார் என்றும் அவர் சரித்திரம் எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். ஊர்நினைப்பு என்பது உண்பதற்கு இல்லாத குறை அன்று, ‘இன்னும் கொஞ்சம்’ என்று சொல்வாரும் அதைக் கேட்பாரும் இல்லாத குறையே என்னும் நம் சித்தாந்தத்துக்கு இதைவிடப் பிரமாணம் வேண்டுமோ?

ஆகவே சிகிச்சை எளிது. விடுதியின் பொதுச் சமையலறையில் எண்ணெய் காய்ச்சிக் கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளிக்க வேண்டும். கடுகு வெடித்து மிளகாய் நெடி ஏறியவுடன், கூரையிலுள்ள புகைக் கருவி ஓலமிடும், கட்டடம் முழுவதும் இராவுடையோடு வீதிக்கு வந்து குளிரில் நடுங்கும், எல்லோரும் முறைப்பார்கள். பிள்ளை இதற்கு அஞ்சலாகாது. முறைத்தவர்களுள் ஒருவராவது, உள்ளே திரும்பும்போது, அந்த வாசனை என்னவென்று விசாரிப்பார். அவரை உட்கார வைத்துத் தட்டில் சோறு போடுவதே இந்நோய்க்குத் திவ்ய ஔஷதம்.

பிள்ளையை அனுப்பும் பெற்றோர்களுக்கு நம் விண்ணப்பம் ஒன்றுண்டு: பெட்டியில் பொடியை இரட்டிப்பாக வையுங்கள், ஒரு பங்கு அவனுக்கு, மறுபங்கு அவன் பரிமாறுவதற்கு. அவன் அறைக்கு விருந்தாளியாகப் போகிறவர்களுக்கோ ஒரே விதிதான்: மூன்றாம் கரண்டி ரசத்தை வேண்டாமென்று சொல்லாதீர்கள்.