ஒரு சீமெந்து மூடைக்குள் நெடுந்தீவு

ஒல்லாந்தருக்கு ஒரு வியாதி இருந்தது. பிடித்த தீவுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயரை ஒட்டிவிடுவார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம், ஊர்காவற்றுறை லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம். நம்மவர் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் எப்படியோ ஆங்கிலத்தில் உயிர்தப்பிக் கிடக்கிறது. வரைபடத்தில் முழு இலங்கையும் அவர்கள் கண்ணுக்குப் பன்றித்தொடையாகத் தெரிந்ததாம். அதனால் ஊர்காவற்றுறைக் கடலுக்கு நடுவே இருந்த கோட்டைக்குத் தொடையின் குதிகால் என்று பொருள்பட 'ஹம்மன்ஹீல்' என்று பெயர். பசியோடிருந்த ஆட்களை நாடுபிடிக்க அனுப்பினால் இப்படித்தான்.

அவர்கள் இங்கே யானையும் சாயவேரும் விற்றுக்கொண்டிருந்த 1756ஆம் ஆண்டில், ஐரோப்பாவில் இரண்டு பேர் கல்லைச் சுட்டு அதன் சேதியை உலகுக்குச் சொன்னார்கள். சுவீடன்காரர் அக்செல் குரொன்ஸ்டெட் ஒரு கல்லை ஊதுகுழல் தீயில் காட்டினார். கல் கஞ்சிப்பானை மாதிரிக் கொதித்தது. உள்ளே முழுக்கப் பொந்து, பொந்துக்குள் தண்ணீர். 'கொதிகல்' என்று பொருள் வரக் கிரேக்கத்தில் சியோலைற் என்று பெயர் சூட்டினார். சிலிக்காவும் அலுமினாவும் கலந்த பொந்துக்கல் அது. அதன் பேரப்பிள்ளைகள் இன்று சர்வதேச விண்வெளி நிலையத்தில் குந்தியிருந்து, விண்வெளி வீரர்கள் விடும் மூச்சிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

மற்றவர் ஸ்கொட்லாந்தின் ஜோசப் பிளாக். கல்லடைப்பு நோயாளிகளுக்கு அந்த நாள் வைத்தியர்கள் சுண்ணாம்புத் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தார்கள். பாவம், கொஞ்சம் மென்மையான மருந்து தேடுவோமே என்று இவர் மக்னீசியாவைச் சுட்டார். நிறை குறைந்தது. குறைந்ததில் பெரும்பங்கு காற்று! நோயாளியின் கல் கரைந்ததோ இல்லையோ, கல்லுக்குள் ஒரு காற்று மறியலில் இருக்கிறது என்ற சேதி வெளியே வந்துவிட்டது. அதே காற்றுத்தான் நம் மூச்சிலும் போகிறது என்பதைச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் ஊதிப் பால்போலாக்கிக் காட்டினார். நாள் முழுக்க வாயில் சுண்ணாம்பும் மூச்சுமாக இருந்த எங்கள் ஆச்சிமார் இதை ஒரு கண்டுபிடிப்பு என்று ஒத்துக்கொண்டிருப்பார்களா என்பது சந்தேகம்.

இந்தக் கணக்கைத் தீவுக்குக் கொண்டுவந்தால் தலை சுற்றும். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ காபனீரொட்சைட்டு பறந்துபோகும். நெடுந்தீவிலோ கோட்டை சுண்ணாம்புக்கல், வேலி பவளக்கல், கிணற்றுக்கட்டும் அதுதான். ஆக, குறிகட்டுவானில் படகேறிச் சத்தியெடுத்து நாம் போய் இறங்குவது ஒரு தீவில் அல்ல, கடலுக்கு நடுவே யாரோ அடுக்கிவைத்த காபனீரொட்சைட்டுக் களஞ்சியத்தில்.

அந்தக் களஞ்சியத்தைத்தான் ஒல்லாந்தர் திறந்தார்கள். (முதலில் திறந்தவர்கள் பறங்கியர் என்பார் உண்டு. அந்த வழக்கில் நான் சாட்சி சொல்லவில்லை.) கல்லைச் சூளையில் இட்டுச் சுட்டு, தண்ணீர் தெளித்து நீற்றி, மணலோடு குழைத்துச் சுவர் எழுப்பினார்கள். சூளையில் ஓடிப்போன வாயுவைச் சாந்து வருடக்கணக்காகக் காற்றிலிருந்து திரும்ப இழுத்து மறுபடி கல்லானது. காபன் பிடிப்பு என்று இன்று மாநாடு கூட்டுகிறார்களே, அதை ஒரு மாநாடும் இல்லாமல் செய்தவை கோட்டைச் சுவர்கள். ஆனால் சூளைக்கு எரித்த விறகின் புகையை எந்தச் சுவரும் திருப்பி எடுக்கவில்லை. அதைக் கணக்கில் சேர்த்தால் ஒல்லாந்தர் கடன்காரர்கள்.

சுண்ணாம்பின் கோளாறு அது வாயுவைப் பிடிப்பதில் இல்லை, விடுவதில் இருக்கிறது. நம்மூர்ச் சொந்தக்காரர் மாதிரி, ஒருதரம் பிடித்தால் 900 பாகைச் சூடு காட்டினால்தான் கையை எடுக்கும். இதில் எங்கள் தீவுப்பகுதிக்கு வேறொரு முன்னுதாரணம் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் தமிழில் ஒரு கல்வெட்டு வைத்தான். யானை குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் உடையவனுக்கு. வணிகப் பண்டம் ஏற்றிய கப்பல் என்றால் சரிபாதி. எவ்வளவு பிடிக்கலாம், எவ்வளவு விடவேண்டும் என்று கல்லிலேயே வெட்டிவைத்த மனிதன்! இரசாயனவியலாளர் அவன் பேச்சைக் கேட்க இன்னும் எண்ணூறு வருடம் பிடித்தது.

கேட்டவர்கள் யார் தெரியுமா? எண்ணெய்க் கொம்பனிக்காரர். 1992இல் மோபில் ஆய்வாளர்கள் எண்ணெய் சுத்திகரிக்க நல்ல ஊக்கி தேடப்போய் எம்சிஎம்-41 என்ற சிலிக்காவைச் செய்தார்கள். சவர்க்காரம் போன்ற ஒரு பொருள் தண்ணீருக்குள் குச்சிகுச்சியாகத் திரளும். அதைச் சுற்றிச் சிலிக்கா படியும். பிறகு குச்சியை எரித்துவிட்டால் தேன்கூடு மாதிரி வரிசையாகப் பொந்துகள், ஒவ்வொன்றும் சில நனோமீற்றர் அகலம். ஊரைப் புகையாக்கிய தொழிலே புகைபிடிக்கும் கூட்டையும் செய்தது, கள்ளன் பூட்டு விற்ற கதை. இதில் இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. மின்விளக்குக் கொம்பனி ஒன்றின் ஆட்கள் 1971இலேயே இதைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அவர்களுக்கு அது பாரம் குறைந்த ஒரு தூள், அவ்வளவே. பிற்காலத்தில் வேறு ஆய்வாளர்கள் அந்தக் குறிப்பின்படி செய்துபார்த்தால், அதே பொந்து, அதே வரிசை.

நெடுந்தீவுக்குப் போனவர்கள் இந்தப் பொருளைப் பெரிய அளவில் பார்த்திருப்பார்கள். ஒல்லாந்தர் காலத்தது என்று காட்டுகிற புறாக்கூடுதான் அது: சுவர் நிறைய வரிசை வரிசையாகப் பொந்து. புறா வரும், குந்தும், எழும்பிப் போகும். ஆனால் வெறும் பொந்தைக் கண்டு எந்தப் புறாவும் தங்காது, தானியம் போடவேண்டும். வெறும் சிலிக்காவையும் காபனீரொட்சைட்டு அப்படித்தான் மதிக்காமல் போகும். சிலிக்காப் பொந்துக்குப் போடும் தானியம் அமீன் என்ற இரசாயனச் சேர்வை. 2002இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் எம்சிஎம்-41இன் பொந்துகளுக்குள் அமீன் நிறைந்த ஒரு பல்பகுதியத்தை நிரப்பி, 'மூலக்கூற்றுக் கூடை' என்று பெயர் வைத்தார்கள். பனையோலைக் கடகம் என்ற சொல் அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அமீன் வாயுவைப் பிடிக்கும். சுமார் 100 பாகை காட்டினால் விட்டுவிடும். தேநீர்க் கேத்தல் கொதிக்கிற சூடு போதும். கருவாட்டு நாற்றமும் அமீன் குடும்பத்துச் சொத்துத்தான், அது இன்னொரு தாய்வழி. ஆகவே ஊர்காவற்றுறைக் கருவாட்டுப் பாயை விரித்துவைத்து உலகத்தைக் காப்பாற்றலாம் என்று யாரும் கிளம்பவேண்டாம்.

இப்போது மூடைக்கு வருகிறேன். எம்சிஎம்-41இன் ஒரு கிராமுக்குள் இருக்கும் மேற்பரப்பை விரித்தால் சுமார் 1,000 சதுர மீற்றர். நெடுந்தீவு சுமார் 50 சதுர கிலோமீற்றர். வகுத்துப் பாருங்கள், 50 கிலோ. ஒரு சீமெந்து மூடை! தீவு முழுவதும், குதிரைகள் மேயும் வெளி உட்பட, ஒரு மூடைக்குள். இந்த விஷயம் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்துக்குத் தெரியாமல் போனது நல்லது. ஒரு முழ வேலிக்காக மூன்று தலைமுறை கோட்டுக்கு ஏறியிறங்கிய சனம், மூடைக்குள் இருக்கிற காணியைப் பங்குபிரிக்க எத்தனை அப்புக்காத்துமாரை வாழவைத்திருக்கும்!

சிலிக்கா வேண்டுமென்றால் ஆய்வுகூடத்துக்கே போகவேண்டும் என்றும் இல்லை. உமிச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்காதான். அதிலிருந்தே இப்படிப் பொந்துச் சிலிக்கா செய்கிறார்கள். எங்கள் பாட்டன் பூட்டன்மார் அதைக் கரியோடு சேர்த்து உமிக்கரி என்று பல்லில் தேய்த்துத் துப்பினார்கள். காப்புரிமை எடுக்க வாய் ஒழியவில்லை.

இவ்வளவையும் ஒரு பின்னேரம் ஆச்சிக்கு விளங்கப்படுத்தினேன். ஆச்சி பாக்கு இடித்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். நான் முடித்ததும் சுண்ணாம்புக் கரண்டகத்தைக் கையில் எடுத்தார். மூடி விலகிக் கிடந்தது. மேலே வெள்ளையாக ஏடு கட்டி இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"ஆரடா இதைத் திறந்துபோட்டு வைச்சது?"