கூற்றும் சரி, காரணமும் சரி, ஆனால்...

காலை ஐந்தே கால். எங்கள் அடுக்ககத்தின் முதல் மாடியில் விளக்கு எரியும். "கூற்று!" என்று ஒரு குரல் எழும். கொஞ்சம் இடைவெளி விட்டு, அதே குரல், "காரணம்!" என்னும். புதிதாகக் குடிவந்தவர்கள், மாடியில் யாரோ வக்கீல் வழக்குக்கு ஒத்திகை பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். வக்கீலும் இல்லை, வழக்கும் இல்லை. அவர்தான் நீட் அப்பா. பரீட்சை எழுத வேண்டிய பெண் அந்நேரம் போர்வைக்குள் இருப்பாள்.

நீட் அப்பா என்பது ஓர் ஆள் அல்ல, ஒரு ரகம். குரோம்பேட்டையில் ராதா நகர், நியூ காலனி, நேரு நகர், அஸ்தினாபுரம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தெருவுக்கு இரண்டு பேர் தேறுவார்கள். மேல்வீட்டுக்காரர் என்பதால் இந்த ஒருவரை மட்டும் எனக்கு முழுசாகப் படிக்கக் கிடைத்தது.

வயது ஐம்பத்திரண்டு. வங்கி உத்தியோகம். 1991-இல் ப்ளஸ் டூ முடித்து, அந்தக்கால நுழைவுத்தேர்வும் எழுதியவர். ப்ளஸ் டூ மார்க்குக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100, ஆக 300-க்குக் கட் ஆஃப். "ரெண்டு மார்க்ல போச்சு சார்" என்று பெருமூச்சு விடுவார். நான் சந்தித்த எல்லா நீட் அப்பாக்களுக்கும் இரண்டு மார்க்கில்தான் போயிருக்கிறது. இருபது மார்க்கில் போனவர் ஒருவரையும் இதுவரை பார்த்ததில்லை. 1984-இல் வந்த அந்தத் தேர்வை 2006-இல் சட்டம் போட்டு எடுத்தார்கள். தமிழ்நாடு பத்து வருஷம் மூச்சு விட்டது. 2017-இல் நீட் வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டது. அவருடைய இரண்டு மார்க்கும் அன்றைக்குத்தான் மறுபடி உயிர்பெற்று எழுந்திருக்க வேண்டும்.

இந்தத் தேர்வை வைத்து வேடிக்கை எழுத இந்த ஊரில் கொஞ்சம் தயங்கத்தான் வேண்டும். இதன் பேரைச் சொன்னாலே பேச்சு நின்றுபோகும் வீடுகள் இங்கே உண்டு. நான் பேசுவது, தேர்வை எழுதாமலே எழுதுகிறவரைப் பற்றி மட்டும்.

அவருக்கு இயற்பியல் சுமார். வேதியியல் அதற்கும் கீழே. ஆனால் கூற்று-காரணக் கேள்வி என்று வந்துவிட்டால் ஆள் வேறு. தில்லி எய்ம்ஸ் தனியாகத் தேர்வு நடத்திய காலத்தில் இந்த 'அசெர்ஷன்-ரீசன்' அதற்குக் குலதெய்வம். 2020-இல் அந்தத் தேர்வு நீட்டோடு கரைந்துபோக, அடுத்தடுத்த நீட் தாள்களில் இந்தக் கேள்விகள் வரிசையாக வந்து நின்றன. இரண்டு வாக்கியம் தருவார்கள். ஏ என்பது கூற்று, ஆர் என்பது காரணம். இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது என்பது ஒரு விடை. இரண்டும் சரிதான், ஆனால் அது இதற்கு விளக்கம் இல்லை என்பது இன்னொன்று. ஏதாவது ஒன்று மட்டும் சரி, இரண்டுமே தப்பு என்று மிச்சத்தை விதவிதமாக நிரப்புவார்கள். பிள்ளைகள் வழுக்கி விழுவதெல்லாம் அந்த இரண்டாவதில்தான். 'இரண்டும் சரி, ஆனால்...'

ஸ்டேஷன் ரோட்டு ஜெராக்ஸ் கடையில் அவருக்கென்று ஒரு கணக்கே ஓடுகிறது. எங்கெங்கோ பிடித்த ஆயிரம் கூற்று-காரணக் கேள்விகளை ஸ்பைரல் போட்டு வைத்திருக்கிறார். சகஸ்ரநாமம் மாதிரி தினம் நூறு பாராயணம். குமரன் குன்றத்தில் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரத்தோடு நீட் விண்ணப்ப எண்ணையும் சொன்னார் என்று கேள்வி. குருக்கள் அதற்கும் ஒரு நமஹ போட்டாராம்.

நோய் முற்றியது தெருவில்தான் தெரிந்தது. ஒரு நாள் பால் வாங்கப் போனவனை மறித்தார்.

"சார், கூற்று: இந்த ஊருக்குக் குரோம்பேட்டைன்னு பேரு. காரணம்: இங்க குரோம் லெதர் கம்பெனி இருந்துச்சு. சொல்லுங்க."

"ரெண்டும் சரி. விளக்கமும் சரி."

"பேஷ். அடுத்தது. கூற்று: கலாம் இங்க எம்.ஐ.டி.ல படிச்சார். காரணம்: குரோம்பேட்டைல கொசு ஜாஸ்தி."

"ரெண்டும் சரி..."

"ஆனா?"

"...ஆனா விளக்கம் இல்ல."

"இது தெரியாமத்தான் சார் பசங்க மார்க்கை விடறாங்க!" என்றார். பால் பாக்கெட் என் கையில் வியர்த்துக்கொண்டிருந்தது.

சரியாகப் போட்டால் நாலு மார்க். தப்பாகப் போட்டால் ஒன்று போகும். இப்போது 180 கேள்வி, 180 நிமிஷம், 720 மார்க். ஆக, கேள்விக்கு ஒரு நிமிஷம் என்று மகளுக்கு விரல் சொடுக்கிப் பாடம் நடத்துவார். அவரே உட்கார்ந்தால் ஒரு கேள்விக்குப் பதினோரு நிமிஷம் ஆகும். விடை தெரியாததால் அல்ல. கேள்வியோடு சண்டை போடுவதால்.

மகள் வேறு மாதிரி. பேச்சு கம்மி. இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே 'ஏனென்றால்' போட்டு வாசித்துப் பார், ஒட்டினால் முதல் விடை, ஒட்டாவிட்டால் இரண்டாவது என்று கோச்சிங்கில் சொல்லித்தருவார்கள். அப்பா அதை வேதமாகப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றிலும் ஏனென்றால் போட்டுப் பார்த்து, எல்லாமே ஒட்டுகிறதே என்று திகைப்பார். ஒரு நாள் தோசை தின்றுகொண்டே அவள் சொன்னாள்: "அப்பா, நாம என்ன ஏனென்றால் போட்டா பேசறோம்? காரணத்தை முதல்ல சொல்லுங்க. அப்புறம் 'அதனாலதான்'னு போட்டு கூற்றைச் சொல்லுங்க. ஹீமோகுளோபினுக்கு இடம் வேணும், அதனாலதான் சிவப்பணு முதிர்ந்ததும் உட்கருவை விட்டுடுது. ஒட்டுதா? கொசு ஜாஸ்தி, அதனாலதான் கலாம் படிச்சார். ஒட்டுதா?" பெண் சொன்னது மொழிக்கும் பொருந்துகிறது. தமிழில் காரணம் முன்னால் நடக்கும், காரியம் பின்னால் வரும். எனக்குத் தெரிந்த நல்ல உபாயங்களில் இது ஒன்று. அப்பா இதைக் குறித்துக்கொண்டு, மறுநாளே தன் கண்டுபிடிப்பாக எனக்குச் சொன்னார்.

அவருடைய பாண்டித்தியம் முழுதாக வெளிப்பட்டது 2024-ஆம் வருஷத்து அணுக் கேள்வியில். கூற்று-காரணத்துக்குப் பங்காளி ஒன்று உண்டு. கூற்று 1, கூற்று 2, எது சரி, எது தப்பு என்று கேட்பது. அதில் இரண்டாவது கூற்று, ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்குரிய நிறமாலையை வெளியிடுபவை என்றது. பழைய என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. புதிய புத்தகத்தில் 'பெரும்பாலான தனிமங்களின்' என்று மாற்றியிருந்தார்கள். ரேடியம் மாதிரி சிதைகிற சரக்கும் இருக்கிறதே! அக்கா, அண்ணன் படித்த புத்தகத்தையே படித்த பிள்ளைகள் ஒரு விடை போட்டார்கள், புதுசு வாங்கியவர்கள் இன்னொன்று. தேசியத் தேர்வு முகமை இரண்டுக்குமே மார்க் கொடுத்தது. விஷயம் உச்ச நீதிமன்றம் போய், ஐ.ஐ.டி. தில்லியில் மூன்று நிபுணர்கள் உட்கார்ந்து, ஒரே விடைதான் என்றார்கள். நாலு லட்சத்துச் சொச்சம் பேருக்கு ஐந்து மார்க் இறங்கியது. முதலில் 67 பேர் 720-க்கு 720 என்று அறிவிக்கப்பட்ட அந்த வருஷம், கடைசியில் முழு மார்க் நின்றது 17 பேருக்கு. இறங்கியவர்களில் 44 பேர் இந்த ஒரு கேள்வியால் ஏறி நின்றவர்கள். ஒரு 'பெரும்பாலான' செய்த வேலை!

நம்மவருக்கு இது இராமாயணம் மாதிரி. யார் வந்தாலும் சுந்தர காண்டத்திலிருந்து ஆரம்பிப்பார். இதில் சொந்த சோகமும் உண்டு. அவர் மகளுக்கு என்.சி.இ.ஆர்.டி. வாங்கியது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில். பழைய ஃபேன், பழைய கிராமபோன், நாய்க்குட்டி எல்லாம் விற்கும் இடத்தில் பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கி வந்த இயற்பியல் புத்தகத்தில், அந்த வரி அச்சுப் பிசகாமல் பழசாகவே இருந்தது. அன்று ராத்திரியே புதுப் பதிப்புக்கு ஆர்டர் போட்டார். இப்போது இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரி எங்கே மாறியிருக்கிறது என்று பச்சைக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். உ.வே.சா. ஏடு ஒப்பிட்ட சிரத்தை.

வீட்டுக்காரம்மா பாவம். ஒரு நாள், "எல்லா வீட்லயும் அப்பாங்க இப்படியா இருக்காங்க?" என்று நொந்துகொண்டார்.

"எல்லா இல்ல. பெரும்பாலான" என்றார் இவர், தலை நிமிராமல்.

அந்த அம்மாவும் லேசுப்பட்டவர் அல்ல. நீட் எழுத வயது உச்சவரம்பு இல்லை என்று 2022-இல் ஆகிவிட்டது. 2025-இல் தென்காசிப் பக்கத்தில் நாற்பத்தொன்பது வயது அம்மா ஒருவர் மகளோடு சேர்ந்து படித்து, மகளோடு தேர்வும் எழுதி, விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடமே வாங்கிவிட்டார். அந்தச் செய்தி வந்த பேப்பரை வீட்டுக்காரம்மா மடித்து, காபி டம்ளருக்கு அடியில் வைத்துக் கொடுத்தார். "என்னங்க, இதையும் கொஞ்சம் படிங்க. அவங்க எழுதினாங்க. நீங்க எழுத வைக்கறீங்க." அன்று சாயந்திரம் இவர் யாருக்கும் தெரியாமல் ஒரு முழு மாக் டெஸ்ட் எழுதிப் பார்த்திருக்கிறார். நெகட்டிவ் போக என்ன வந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் "கூற்று" சத்தம் கேட்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் லண்டனிலிருந்து அவருடைய தங்கை பேசினார். ஹாரோவில் இருக்கிறார். அவர் மகளும் மருத்துவத்துக்கு முயற்சி. அங்கே யூகேட் என்று ஒரு தேர்வு. அதில் இயற்பியலும் இல்லை, தாவரவியலும் இல்லை. ஒரு பத்தியைக் கொடுத்து, கீழே ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, இது சரியா, தப்பா, சொல்ல முடியாதா என்று கேட்கிறார்கள். மொழித் தருக்கம் என்ற அந்தப் பகுதியில் மட்டும் 44 கேள்வி, 22 நிமிஷம்.

"சொல்ல முடியாதுன்னா?" என்றார் நம்மவர்.

"குடுத்த பத்தியை வச்சு முடிவு பண்ண முடியாதுன்னு அர்த்தம்ணா. அதுவும் சரியான விடைதான்."

"அதுக்கு மார்க் உண்டா?"

"உண்டுண்ணா."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நான், ஒரு மனிதருக்குள் அஸ்திவாரம் அசைவதை நேரில் பார்த்தேன். வங்கியில் முப்பது வருஷம், வீட்டில் இருபத்தைந்து வருஷம், எந்தக் கேள்விக்கும் 'தெரியாது' சொல்லாமல் காலம் தள்ளியவர். ராதா நகர் சுரங்கப்பாதை வேலை ஏன் பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தது என்பதற்குக்கூட அவரிடம் நாலு காரணம் உண்டு, நாலும் விளக்கத்தோடு.

யூகேட்டில் இன்னொரு பகுதி, ஒரு சூழ்நிலையைச் சொல்லி நீ என்ன செய்வாய் என்று கேட்பது. தங்கை மகள் ஒன்றை வாசித்தாள். உங்களோடு படிக்கும் மாணவர் வார்டுக்கு அடிக்கடி லேட்டாக வருகிறார். அவரிடம் தனியாகப் பேசுவது பொருத்தமா, இல்லையா?

"அவங்க அப்பாவுக்கு போன் பண்ணணும்" என்றார் இவர்.

"அது ஆப்ஷன்ல இல்ல மாமா."

"அப்போ கேள்வி தப்பு."

போனை வைத்தபின் வீட்டுக்காரம்மா கை துடைத்துக்கொண்டே வந்து நின்றார். "நான் ஒண்ணு கேக்கறேன். கூற்று: நம்ம பொண்ணு டாக்டருக்குப் படிக்கறா. காரணம்: அவளுக்கு அதுதான் ஆசை. விடை சொல்லுங்க."

உள்ளறையில் பக்கம் புரட்டும் சத்தம் நின்றது. மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம் ஒன்று தலைக்கு மேலே இழுத்துக்கொண்டு போனது. இவர் ஏ-யைப் பார்த்தார், ஆர்-ஐப் பார்த்தார். "ஏ சரி..." என்று ஆரம்பித்தார்.

"ஆர்?"

"மோட்டார் போட்டேனே, டேங்க் வழியுதா பாரு" என்று மொட்டை மாடிக்கு ஏறிப் போய்விட்டார். மோட்டார் அன்று போடவே இல்லை.

மே மாதத்து ஞாயிறு. தேர்வு மையம் வேளச்சேரிப் பக்கம். என் காரில்தான் போனோம். ஒன்றரை மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள் என்பதால் பத்தரைக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அரைக்கை சட்டை, செருப்பு, நகை கிடையாது என்று மகளைச் சோதனை போடுவதற்கு முன்னால் இவர் மூன்று தரம் சோதனை போட்டார். பழக்கதோஷத்தில் தன் கைக்கடிகாரத்தையும் கழற்றி என்னிடம் கொடுத்தார். அவள் உள்ளே போனாள். ஒரு புங்கமர நிழலில் நாற்பது நீட் அப்பாக்கள். எல்லோருக்கும் இரண்டு மார்க். மூன்று மணி நேரம் அந்த மரத்தடியில் அணு நிலையாக இல்லை.

ஐந்து மணிக்குக் கூட்டத்தோடு வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நாலடி நடக்கும்வரை பொறுத்தார். அது அவருக்குச் சாதனை.

"கூற்று-காரணம் எத்தனை வந்துச்சு?"

"வந்துச்சு."

"எப்படிப் பண்ணியிருக்கே?"

அவள் தண்ணீரைக் குடித்து முடித்து மூடியைத் திருகினாள்.

"சொல்ல முடியாதுப்பா."

காரில் ஏறி, பெல்ட் போட்டு, என்னிடமிருந்து கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு, மேடவாக்கம் கூட்டு ரோடு தாண்டும்வரை யோசித்தார். அப்புறம் பின்னால் திரும்பி, குரலைத் தணித்துச் சொன்னார்:

"அந்த ஆப்ஷன் லண்டன்காரங்களுக்குத்தாம்மா."

அவள் தூங்கிப்போயிருந்தாள்.