செயலியார்

சத்தியவேட்டில் செயலியாரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். மேலே இஸ்திரி போட்ட காலர் சட்டை, கீழே லுங்கி, காதில் இயர்போன். பஜாரில் கறி வாங்க நிற்கும்போது யாராவது குசலம் விசாரித்தால், ‘மீட்டிங்கில் இருக்கிறேன்’ என்று புருவத்தாலேயே சொல்லிவிட்டு, கறிக்கடைக்காரரிடம் மட்டும் ‘எலும்பு வேண்டாம்’ என்று வாய் திறப்பார். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது, எப்படியும் இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று சென்னை ஓஎம்ஆர் அறையைப் பூட்டிக்கொண்டு வந்தவர். ஊரடங்கு போய்விட்டது. இவர் போகவில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஷீட் போட்ட அறைதான் இப்போது ஆபீஸ்.

ஊரும் அதற்கேற்ற ஊர்தான். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்ததற்கு ஈடாக, செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்து ஆந்திரத்துக்குப் போன பகுதி இது. அப்புறம் சித்தூர் ஜில்லா. 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டம். ஓர் அடி நகராமலே இத்தனை முறை விலாசம் மாறிய ஊரில், நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமலே மூன்று கம்பெனி மாறிய ஆள் இருப்பதில் ஆச்சரியம் என்ன?

அவர் இப்போது செய்துகொண்டிருப்பது ஒரு செயலி. ஆளுக்கோர் ஊரில் உட்கார்ந்து வேலை பார்க்கும் குழுக்களை, வருஷத்துக்கு ஒரு தடவையாவது நேரில் சந்திக்க வைப்பதற்கு. யோசனை மோசமில்லை. வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் கம்பெனிக்கு உலகமெங்கும் ஆட்கள். வருகிறவர்கள் குறைந்துபோனதால் சான்பிரான்சிஸ்கோ அலுவலகத்தை 2017இல் மூடியே விட்டார்கள். அவர்களுக்கும் எல்லாரையும் எப்போதாவது ஒரே ஊரில் கூட்டிப் பேச வைக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970களிலேயே சொல்லிவிட்டார்: இரண்டு பொறியாளர்களின் மேசைகளுக்கு நடுவே 50 மீட்டருக்கு மேல் போனால் பேச்சுவார்த்தை அநேகமாக நின்றுவிடும். செயலியார் இதை எல்லாரிடமும் சொல்வார். மாடி அறைக்கும் சமையலறைக்கும் மொத்தமே பதினைந்து படிதான். அம்மா கீழேயிருந்து மிஸ்டு கால் கொடுக்கிறார்: ஒன்று என்றால் காப்பி, இரண்டு என்றால் சோறு.

செயலியின் உயிர்நாடி ‘நியாயமான நடுப்புள்ளி’. யாருக்கும் பயணம் அதிகமாகிவிடக் கூடாதல்லவா? எல்லார் ஊரையும் போட்டால் அது நடுவிலே ஓர் ஊரைக் காட்டும். முதல் சோதனை சொந்தக் குழுவை வைத்தே நடந்தது: சத்தியவேடு, ஐதராபாத், கொச்சி, புவனேசுவரம், சிங்கப்பூர். செயலி யோசித்தது. பச்சைக் கொடி ஒன்று பூத்தது. சென்னைக்குக் கிழக்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டரில், வங்காள விரிகுடா நடுவே. சிங்கப்பூர்க்காரரை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டதும் கொடி ஒங்கோலுக்குத் தெற்கே ஒருவாறாகக் கரையேறியது. ஒங்கோலில் என்ன இருக்கிறது என்று கொச்சி கேட்டது. காளை இருக்கிறது என்று ஐதராபாத் சொன்னது. அதோடு சரி.

அடுத்தது ‘வரலாம்’ பட்டன். ‘வருகிறேன்’, ‘வரவில்லை’ இரண்டுக்கும் ஆளுக்கொரு சதுரம் போட்டு முடித்துவிட்டார். ‘வரலாம்’ மட்டும் வட்டம். விரல் பட்டால் மாந்தளிர் நிறத்திலிருந்து மஞ்சளுக்கு மெல்லக் கனியும், தொட்டவர் மனம் நோகாமல் குட்டியாக ஒரு மணி அடிக்கும். அவ்வளவு அழகான பட்டனை விட்டுவிட்டு யார் ‘வருகிறேன்’ என்று அழுத்துவார்கள்? அத்தனை பேரும் அதையே அழுத்தினார்கள். கோவா என்றாலும் வரலாம், கூர்க் என்றாலும் வரலாம்.

வராததற்கான காரணம் என்ன என்று படிவத்தில் கேட்டால், ‘டெட்லைன்’ என்று எழுதுவார்கள். மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார், சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறேன், அறையில் கூடப் படுப்பவர் குறட்டை விட்டால் எனக்குத் தூக்கம் வராது என்று எவரும் எழுதுவதில்லை. செயலியார் அதையும் மோப்பம் பிடித்து, ‘உறக்க ஒலி விருப்பம்’ என்று ஒரு கட்டம் சேர்த்தார். குறட்டைக்காரர் ‘அமைதி’ என்று தேர்ந்தெடுத்திருந்தார்.

இதே சத்தியவேட்டில் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையின் கம்பெனி பஸ்கள் விடிவதற்குள் வந்து நிற்கின்றன. டிரைவர் ரெண்டு ஹாரன் அடிக்கிறார். பல் தேய்த்தும் தேய்க்காமலும் ஒரு ஷிப்டே ஏறிவிடுகிறது. செயலியாரின் சித்தப்பா இன்னும் ஒரு படி மேல். பிரதோஷத்துக்குப் பிரதோஷம் சுருட்டப்பள்ளிக்கு வேன் விடுகிறவர். லிங்கமாக இல்லாமல், அம்மன் மடியில் தலை வைத்துச் சிவன் பள்ளிகொண்டிருக்கும் கோயில் அது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சாமி என்பார் செயலியார்.

“ஏண்டா, ஆளுங்களைக் கூப்பிடறதுக்கு ஒரு ஆப்பா?”

“கூப்பிடறது இல்ல சித்தப்பா, அலைன் பண்றது.”

“நான் ஒண்ணே ஒண்ணுதான்டா கேப்பேன். வர்றியா, இல்ல சீட்டை வேற ஆளுக்குக் குடுத்துடட்டுமா? வாயில ‘பார்க்கலாம்’னு வந்தா அவ்ளோதான், அடுத்த வீட்டுக்குப் போயிடுவேன்.”

அப்புறம் சித்தப்பாவே, “பேசாம பெருமாளைக் காட்டுறேன்னு சொல்லுடா” என்றார். செயலியார் அரை மனதாக ‘திருமலை தரிசனம்’ என்று ஒரு வரியைச் சேர்த்தார். மறுநாளைக்குள் ‘வரலாம்’ எல்லாம் ‘வருகிறேன்’ ஆகிவிட்டது. சிங்கப்பூர்க்காரர் வங்காள விரிகுடாவைத் தாண்டத் தயார் என்றார், மனைவிக்கும் சேர்த்து. 300 ரூபாய் தரிசன டிக்கெட் ஆன்லைனில் காலை 10 மணிக்குத் திறந்தது. தினசரி 10 மணி மீட்டிங்குக்கு ஒரு நாளும் நேரத்தில் வராத குழு 9:55க்கே ஆஜர். கைபேசி எண் கேட்டதற்கே தனியுரிமை பேசியவர்கள் ஆதார் எண்ணை மனப்பாடமாகத் தட்டினார்கள். சக ஊழியர்களோடு தோழமை வளர்ப்பதற்கென்று நம்மவர்களில் எவரும் பஸ் ஏறிப் பார்த்ததில்லை. சாமி, சோறு, கல்யாணம், சாவு இவற்றுக்குப் போகிற வழியில் தோழமை தானாக வளர்ந்தால் ஆட்சேபிப்பதும் இல்லை.

சித்தப்பா வேன்தான் போயிற்று. ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர். சுருட்டப்பள்ளியில் ஒரு நிறுத்தம், புத்தூரில் இட்லி. நாலு வருஷமாகத் திரையில் மூஞ்சியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், புவனேசுவரம் ஆறடி உயரம் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டார்கள். ஐதராபாத் மொட்டை போட்டுக்கொண்டது. கொச்சி தரிசன வரிசையில் நின்றபடியே, ஆறு மாதமாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு கோளாறுக்கு வழி சொல்லிற்று. செயலியார் அதைக் கேட்கவில்லை. கீழே பாதுகாப்பு அறையில் ஒப்படைத்த கைபேசியை நினைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பியதும் கருத்துப் படிவம் போயிற்று. எது பிடித்தது? லட்டு. எதை மேம்படுத்தலாம்? லட்டு இன்னும் நாலு. அன்று ராத்திரியே ‘கூடுதல் லட்டு, ஒன்று ரூ. 50’ என்ற கட்டத்தைக் கட்டாயமாக்கி, புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டுத்தான் படுத்தார். காலையில் சித்தப்பா மாடியேறி வந்தார்.

“உன் ஆப்புல டிரைவர் பேட்டா எங்கடா இருக்கு?”

“அது அடுத்த வெர்ஷன்ல வருது சித்தப்பா.”

“டிரைவர் இப்பவே வந்து கீழ நிக்கிறான்.”