நீக்கவியல்: வெண்ணெய் உருண்டையை முன்வைத்து ஒரு முன்னாய்வு

உலகத்திலிருந்து ஒரே ஒரு பொருளை எடுத்துவிடலாம் என்றால் எதை எடுப்பது? இந்த வினா டீக்கடை பெஞ்சிலேயே கிடக்கிறது. எந்தப் பல்கலைக்கழகமும் இதற்குத் துறை தொடங்கவில்லை. கொசு என்பார் ஒருவர், கரண்ட் பில் என்பார் இன்னொருவர். செங்கல்பட்டுக்காரர் யோசிக்கவே மாட்டார், பரனூர் சுங்கச்சாவடி என்பார். எல்லாம் ஆசைகள். ஆசை ஆய்வுக்கு உதவாது. ஒன்றை நீக்கியே தீருவதென்று இறங்கி, அது நீங்காமல் போன நிகழ்வுதான் நீக்கவியலுக்குத் தரவு.

அந்த வகையில் மாமல்லபுரம் பாக்கியம் செய்த ஊர். அங்கே பாறைச் சரிவில், இதோ உருளப்போகிறேன் என்ற பாவனையில், சுமார் 20 அடி உயரமும் 250 டன் எடையும் கொண்ட வெண்ணெய் உருண்டைக் கல் நிற்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் உருண்டை. பின்னால் போனால் பாதியைக் காணோம். (அந்தப் பாதியை நீக்கியவர் வெயிலா, மழையா என்பது தனிக் கட்டுரைக்குரியது.) பக்கத்துப் பாறைகளில் ஆப்பு அடிக்க வெட்டிய குழிகள் வரிசையாகத் தெரிகின்றன. பாறையைப் பிளந்தெடுக்கத் தெரிந்த கைகள் இங்கே இருந்திருக்கின்றன. அவை இந்தக் கல்லை மட்டும் விட்டுவைத்தன.

1908-இல் சென்னை மாகாண ஆளுநர், கீழே இருப்பவர்கள் மேல் கல் உருண்டுவிடும் என்று பயந்து ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னாராம். கல் அசையவில்லையாம். ஆளுநரின் பெயர் ஆர்தர் ஹேவ்லாக் என்று கைடுகள் அடித்துச் சொல்கிறார்கள். அங்கேதான் சிக்கல். ஹேவ்லாக்கின் பதவிக்காலம் 1900-இலேயே முடிந்தது. 1908-இல் நாற்காலியில் இருந்தவர் ஆர்தர் லாலி. ஆக, ஆண்டு நகர்ந்திருக்கலாம், ஆளுநர் நகர்ந்திருக்கலாம், யானைகளே கதைக்குள் பின்னால் நுழைந்திருக்கலாம். இந்தக் கதையில் நகராத ஒரே சங்கதி கல்தான். நீக்கவியலின் முதல் விதி இதிலிருந்து பிறக்கிறது: நீக்கக் குறித்த பொருள் இருக்கும், அதைச் சுற்றியுள்ளவை நீங்கும். ஆளுநர் போனார், ஆளுநரை அனுப்பிய சாம்ராஜ்யமும் போனது.

கள ஆய்வுக்கு வருவோம். கல்லின் அடியில் படம் எடுத்துக்கொள்வோர் வடகலை தென்கலை போல இரு மரபினர். கையைத் தலைக்குமேல் உயர்த்தி, விழாமல் காப்பவர்கள் தாங்குநர். முதுகைக் கொடுத்து, பல்லைக் கடித்து முட்டுபவர்கள் தள்ளுநர். குடும்பத்தோடு வந்தவர்கள் பெரும்பாலும் தாங்குகிறார்கள். கல்லூரிப் பையன்கள் தள்ளுகிறார்கள். கணவன் தாங்க, மனைவி எதிர்ப்பக்கம் நின்று தள்ளும் படங்களும் உண்டு. அவற்றை விளக்க இந்த ஆய்வாளருக்குத் துணிவில்லை. மேலே இழுத்து, கல்லைச் சமதளத்தில் பத்திரமாக வைக்க முயலும் படம் மட்டும் தேடியும் அகப்படவில்லை.

2019 அக்டோபர் 11 அன்று மூன்றாவது மரபு ஒன்று தோன்றியது. பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் கல்லைத் தாங்கவுமில்லை, தள்ளவுமில்லை. அதன் முன்னால் கைகோத்து உயர்த்தி நின்றார்கள். மறுநாள் காலை பிரதமர் கடற்கரையில் பிளாஸ்டிக் குப்பை பொறுக்கினார். நம் துறையில் பதிவான வெற்றிகரமான நீக்கம் அது ஒன்றே என்பதால் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

முதல் விதி சும்மா இருக்குமா? அந்தச் சந்திப்பு முடிந்த கையோடு கல்லைப் பார்க்க 40 ரூபாய் டிக்கெட் வந்தது. நீங்கியது கல் அல்ல, ஓசிப் பார்வை. அதைவிட வினோதம் மாவட்டம். யானைக் கதை நடந்ததாகச் சொல்லும் காலத்தில் கல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997-இல் அந்த மாவட்டம் பிரிந்தபோது காஞ்சிபுரத்துக்குப் போனது. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டமானதும் அங்கேயே திரும்பி வந்தது. தலைவர்கள் நின்ற நாளிலிருந்து எண்ணினால் சரியாக ஏழு வாரம்! ஏழு யானைக்கு அசையாத கல் ஏழே வாரத்தில், ஒரு கீறலும் விழாமல், மாவட்டம் விட்டு மாவட்டம் வந்து சேர்ந்தது.

ஆளுநர், ஹேவ்லாக்கோ லாலியோ, பாகனைக் கூப்பிட்டதற்குப் பதில் வருவாய்த் துறை குமாஸ்தாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கல் காகிதத்திலாவது நகர்ந்திருக்கும். ஏழு யானைக்கான கரும்புச் செலவும் மிச்சமாகியிருக்கும்.