மேடு போட்ட மகராசருக்கு

அனுப்புநர்:
முதுகெலும்புள்ள குடிமகன் (இன்றைய தேதி வரை)

பெறுநர்:
எங்கள் ஊர்ச் சாலைக்குப் பொறுப்பான அதிகாரி, அப்படி ஒருவர் இருந்தால்

பொருள்: வேகத்தடைகளுக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

தங்கள் பதவியின் பெயர் தெரியாததால் பொதுவாக எழுதுகிறேன். ஊராட்சியில் கேட்டால் ஒன்றியச் சாலை என்கிறார்கள். ஒன்றியத்தில் நெடுஞ்சாலைத் துறையைக் கை காட்டுகிறார்கள். அங்கே போனால், “அந்த மேட்டை நாங்க போடலியே” என்கிறார்கள். ஆளே இல்லாமல் முளைத்த மேட்டுக்கு யாராவது நன்றி சொல்லித்தானே ஆகவேண்டும்?

வேகத்தடை தவிர்க்க முடியாத தீமை என்பதை நாங்கள் மனமார ஏற்கிறோம். ‘பள்ளிக்கூடம், மெதுவாகச் செல்லவும்’ என்று போர்டு வைத்தால் இன்னும் வேகமாகப் போய்ப் படிப்போம். போலீஸ்காரர் நின்றால், அவர் டீ குடிக்கப் போகும்வரை சட்டத்தை மதிப்போம். எங்களுக்குப் புரிகிற ஒரே மொழி இடுப்புவலி. அதை அறிந்து ஆட்சி செய்கிறீர்கள்.

வேகத்தடை வேண்டும் என்று மனு கொடுத்தால் மனு மட்டும் பத்திரமாக இருக்கும். ஓர் உயிர் போகவேண்டும். உறவினர்கள் சாலை மறியலில் உட்காரவேண்டும். தாசில்தாரும் இன்ஸ்பெக்டரும் வந்து பேச்சுவார்த்தை நடத்தவேண்டும். மறுநாள் விடிவதற்குள் ஜல்லியும் தாரும் வந்திறங்கும். அந்த அவசரத்தில் அளவு பார்க்க நேரமிராது. கோபம் எவ்வளவோ, உயரம் அவ்வளவு. எங்கள் ஊர் மேடு, நடுரோட்டில் எருமை படுத்த மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அளவு இல்லாமலும் இல்லை. மேடு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் வெளியிட்ட ஐஆர்சி 99 வழிகாட்டுதலிலேயே சொல்லியிருந்தது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் நோகாமல் கடக்கலாம். 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை, மேட்டின்மேல் கறுப்பு வெள்ளைப் பட்டை. இதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அன்பான மேடு எந்த நாட்டில் இருக்கிறது ஐயா?

எங்கள் மேட்டுக்குப் பட்டை இல்லை, பலகை இல்லை, தெருவிளக்கும் இல்லை. இருக்கிறது என்று தெரிவதே, பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்த அம்மா கீழே விழுந்த பிறகுதான். யாரைத் தடுக்க இது வந்ததோ, அந்த பைக் இளைஞன் ஓரத்து மண்ணில் வளைத்துப் பறந்துவிடுகிறான். ஏறி இறங்குவது பிரசவத்துக்குப் போகிற ஆட்டோவும் 108 ஆம்புலன்ஸும்தான். ஆனாலும் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர் தங்களை வாழ்த்துகிறார்; பஸ் நிற்காத ஊரில் இப்போது எல்லா பஸ்ஸும் ஒரு நொடி தயங்குகிறதே!

சாலை அமைப்பில் தரம் தவறி, அதனால் யாராவது இறந்தாலோ ஊனமுற்றாலோ பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் என்று 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டம் 198ஏ பிரிவைச் சேர்த்திருக்கிறது. பயப்பட வேண்டாம். பொறுப்பானவரைக் கண்டுபிடித்தால்தானே?

ஒரே ஒரு குறை. போன மாதம் மிகப் பெரிய மனிதர் ஒருவர் இவ்வழியே வந்தார். முந்தின இரவே ஜேசிபி வந்து மேட்டைச் சுரண்டி எடுத்தது. அவர் போன மறு வாரம் மேடு திரும்பி வந்தது, முன்னைவிடச் சற்று வளர்ந்து. தவிர்க்க முடியாத தீமையை ஒருவருக்காக மட்டும் எப்படித் தவிர்க்க முடிந்தது என்று எங்கள் டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். அவர்களை நான்தான் அடக்கி வைத்திருக்கிறேன்.

ஆகவே தாழ்மையான கோரிக்கை: அடுத்த தடவை அவர் வரும்போது மேட்டை எடுக்காதீர்கள். பலகை வேண்டாம், பட்டை வேண்டாம், எங்களுக்கு இருப்பது போலவே இருக்கட்டும். கார் ஒருமுறை துள்ளி, அவர் தலை கூரையில் ஒருமுறை இடித்தால் போதும். 1988இலிருந்து காத்திருக்கும் அந்த 10 சென்டிமீட்டர், அன்று மாலைக்குள் அமலுக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் மேட்டுக்குக் கீழ்ப்படிந்த
குடிமகன்