கவ்பாய் எழுத்தும் பாமினித் தமிழும்

எல்ல நகரில் புதிதாகச் சாப்பாட்டுக்கடை திறக்கிறவர், பெயர்ப்பலகைக்காகப் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போவார். பிரிண்ட் கடையில் கணினிக்கு முன்னால் இருக்கும் பையனிடம் அவர் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

“தம்பி, கொஞ்சம் காஞ்ச மாதிரி, பழைய பலகையில எழுதின மாதிரி இருக்கணும். அந்தக் குதிரைப் படத்துல வருமே, பாலைவனம், துப்பாக்கி எல்லாம், அந்த எழுத்து.”

இதை அவர் சொல்லும்போது வெளியே மழை பெய்துகொண்டிருக்கும்.

எல்ல இருக்கும் ஊவா மாகாணத்தின் மலைப்பக்கத்தில் அருவிக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எல்லவிலிருந்து வெல்லவாயப் பக்கம் இறங்கினால் வீதியோரத்திலேயே இராவணன் அருவி. பதுளைக்குப் பக்கத்தில் துன்ஹிந்த. கொஸ்லந்தைக்கு அருகில் 220 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற தியலும. இத்தனை அருவிகளுக்கு நடுவே நின்றுகொண்டு மனிதர் கள்ளிச்செடி முளைக்கிற எழுத்தைக் கேட்கிறார். காரணம் கேட்டால், “வெள்ளைக்காரருக்குப் புடிக்கும் தம்பி” என்பார். வெள்ளைக்காரர் பாவம், பச்சை மலையைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறார்.

அந்த எழுத்தின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் பாலைவனமே இல்லை. முனைகளில் செங்கல் வைத்தாற்போலத் தடித்த எழுத்துகளை முதலில் விற்றவர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து இலண்டன் அச்சு வார்ப்பாளர்கள். ஈயத்தில் பெரிய எழுத்து வார்த்தால் கனம் தாங்காது, விலையும் தாங்காது என்பதால், நியூயார்க்கின் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் எழுத்துச் செதுக்க இயந்திரம் செய்தார். 1828இல் மர எழுத்துகளுக்கு ஒரு பட்டியலே வெளியிட்டார். பிறகு அந்தத் தொழிலின் தலைநகரானது விஸ்கான்சின் மாநிலத்தின் டூ ரிவர்ஸ் என்ற ஊர். 1880இல் தொடங்கிய ஹாமில்டன் நிறுவனம் அங்கேதான் மேப்பிள் மரத்தில் எழுத்து எழுத்தாகச் செதுக்கித் தள்ளியது. மிச்சிகன் ஏரிக்கரையில், பனி கொட்டுகிற ஊர் அது. ‘தேடப்படும் குற்றவாளி’ சுவரொட்டி என்றதும் கண்ணுக்குள் வருகிற பிளேபில் எழுத்துரு இன்னும் மோசம்: 1938இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருந்த வார்ப்பாலை ஒன்று வெளியிட்டது. கவ்பாய்க்கும் அதற்கும் உள்ள உறவு, ஹாலிவுட்டுக்கும் உண்மைக்கும் உள்ள உறவுதான்.

பழைய மர எழுத்துகளைக் கணினிக்குக் கொண்டுவந்த நிறுவனங்களில் ஒன்று அடோபி. வெயிலில் காயவைத்த மண்கல்லுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயரே அதன் பெயரும். 1990இல் அது வெளியிட்ட மர எழுத்துருக்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மரத்தின் பெயர். அவற்றில் ஒன்று மெஸ்கீட். வடிவமைப்பாளர்கள் அதைக் காதலோடு உச்சரிப்பார்கள். மெஸ்கீட் என்பது சாட்சாத் நம் சீமைக் கருவேலத்தின் இனம்! தமிழ்நாட்டில் அதைப் பிடுங்கச் சொல்லி நீதிமன்றம் வரை போனார்கள். மொனராகலைக்குத் தெற்கே, அம்பாந்தோட்டைக் கரையில் புந்தல தேசியப் பூங்காவிலும் அது முள்ளும் புதருமாகப் பரவி யானைக்கும் பறவைக்கும் இடைஞ்சலாக நிற்கிறது. அதே பெயரில் எழுத்துரு வந்தால் மட்டும் காசு கொடுத்து வாங்குகிறோம்.

கவ்பாய் வேண்டாமென்றால் அடுத்த தெரிவு பப்பைரஸ். கிறிஸ் காஸ்டெல்லோ என்ற இளைஞர் 1982இல் கையால் வரைந்தது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மத்திய கிழக்கில் ஆங்கிலம் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனை. 2009இல் ‘அவதார்’ படமே அதன் சாயலில் பெயர் போட்டுக்கொண்டு உலகத்தின் கேலியை வாங்கியது. மூலிகை எண்ணெய், ஆயுர்வேத மசாஜ், யோகா என்று எழுத வேண்டிய பலகை எங்கே தொங்கினாலும் இவர் ஆஜர்.

இதுவரை எல்லாம் ஆங்கில வரிக்குத்தான். பலகையில் தமிழும் வர வேண்டுமே. அங்கேதான் பிரிண்ட் கடைப் பையனின் முகம் வாடும்.

“அண்ணே, இந்த எழுத்துல தமிழ் இல்லங்க.”

“அப்ப பாமினியில போடுங்க தம்பி.”

இலங்கையில் தமிழ்த் தட்டச்சு தெரிந்த எவருக்கும் பாமினி எழுத்துருவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கல்யாணக் கார்டு, மரண அறிவித்தல், கோயில் திருவிழாத் துண்டுப் பிரசுரம், தேர்தல் போஸ்டர் எல்லாவற்றுக்கும் அதுவே கதி. யுனிகோட் வருவதற்கு முந்திய ஏற்பாடு என்பதால் அது ஆங்கில எழுத்தின் முதுகில் தமிழ் முகமூடி மாட்டியிருக்கிறது. பையன் ஆசையில் முழுப் பலகையையும் தெரிவு செய்து கவ்பாய் எழுத்துக்கு மாற்றினால் முகமூடி கழன்றுவிடும். ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். ஆகவே பலகையில் ஆங்கிலம் குதிரையேறித் தூசி பறக்க வர, கீழே தமிழ் பிரதேச செயலகக் கடிதம் மாதிரி இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நிற்கிறது.

சரி, தமிழையும் கணினியிலேயே தேய்த்துச் சிதைத்துவிட்டால்? சிதைந்த எழுத்துரு என்பது வேண்டுமென்றே பொட்டுப் பொட்டாக மை போன மாதிரி செய்வது. ஆங்கிலம் அதைத் தாங்கும். தமிழில் ஒரு பொட்டு என்பது சும்மா பொட்டு இல்லை. பல் வைத்தியரின் பலகையில் ஒரே ஒரு புள்ளி உதிர்ந்தால் அவர் பல வைத்தியர் ஆகிவிடுவார். நோயாளி உள்ளே போய் மற்றவர்களைத் தேட வேண்டியதுதான். நேர்மையாகத் தேய்ந்த எழுத்து வேண்டும் என்பவருக்கு, மகியங்கனை சொரபொர குளத்தருகே கண்டெடுத்துப் பதுளைக்குக் கொண்டுவந்த 10ஆம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு இருக்கிறது. சிங்களத்தில் அமைந்த அந்தக் கல்லில் இருப்பதும் சந்தை விதிகளே, போயா தினத்தில் வியாபாரம் கூடாது என்பது உட்பட. ஆயிரம் வருடம் பொறுமையிருந்தால் யாருக்கும் அந்த எழுத்துரு கிடைக்கும்.

உண்மையில் ஊவாவுக்கென்று ஒரு காய்ந்த காலமும் உண்டு, முரட்டு எழுத்தும் உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று மலைக்கு இந்தப் பக்கம் ஈரமில்லாமல் இறங்கிவந்து கொழுந்தை வாட்டும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தரும் அந்தக் குளிர்ந்த, புதினா போன்ற மணம் அந்த வாட்டத்தில் பிறக்கிறது. அப்படி வந்த தூளைத் தேயிலைத் தொழிற்சாலையில், அதாவது ஸ்டோரில், பெட்டியில் அடைத்து, தகரத்தில் வெட்டிய அச்சை வைத்து, கறுப்பு மையைத் தேய்த்துத் தோட்டத்தின் பெயர், தூளின் தரம், இன்வொய்ஸ் இலக்கம், நிறை என்று எழுதினார்கள். ஒட்டுப்பலகைப் பெட்டி போய்க் காகிதச் சாக்கு வந்துவிட்டது. தூளின் தரத்தைச் சொல்லும் பி.ஓ.பி. என்ற மூன்று எழுத்து மட்டும் மாறவில்லை.

அந்தத் தகர எழுத்துக்கு இடையிடையே வெட்டு ஏன் விழுகிறது? ‘ஓ’ எழுத்தை முழு வட்டமாக வெட்டினால் நடுவிலிருக்கும் தகரம் கீழே விழுந்துவிடும். பிடித்துவைக்க ஒரு பாலம் வேண்டும். அழகுக்காக யாரும் விட்டதல்ல. தமிழில் ‘ட’வும் ‘ப’வும் திறந்த வாசல்காரர்கள், தொந்தரவில்லை. பண்டாரவளை என்று வெட்டச் சொன்னால்தான் ‘ண்’ணிலும் ‘ளை’யிலும் கத்தரி திணறும்.

இதைக் கணினியில் செய்தும் விட்டார்கள். கொழும்பின் மூனியாக் குழு ‘போஸ்ட் நோ பில்ஸ்’ என்று தகர அச்சு எழுத்துரு ஒன்றை வடிவமைத்து இலவசமாகவே தந்திருக்கிறது. சிங்களம் உள்ளதற்குக் கொழும்பு என்றும் தமிழ் உள்ளதற்கு யாழ்ப்பாணம் என்றும் பெயர். மலையகம் வழக்கம்போல் பட்டியலில் இல்லை. தகர அச்சைப் பரம்பரை பரம்பரையாகத் தேய்த்தவர்களின் ஊர்ப் பெயரில் ஒன்று வைத்திருக்கலாம். போகட்டும். தமிழும் ஆங்கிலமும் ஒரே மையில், ஒரே முரட்டுத்தனத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, அதுவே பெரிய காரியம். கையெழுத்துச் சாயல் வேண்டுமென்றால் நம் நாட்டுத் தாரிக் அஸீஸின் கவிவனார் இருக்கிறது, அதுவும் இலவசம்.

பையன் இதையெல்லாம் திரையில் காட்டுவான். வாடிக்கையாளர் தலையைச் சாய்த்துப் பார்த்து, “இது தேயிலைப் பெட்டி மாதிரி இருக்கே தம்பி” என்று முகம் சுளிப்பார். கடைசியில் கவ்பாய்தான் அச்சாகும், வெடிப்பும் கறையும் போட்டதற்குத் தனிக் காசோடு. டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை பிடித்ததும் அதே பலகையில் உண்மையான வெடிப்பும் பாசியும் ஏறும். அவர் பிரிண்ட் கடைக்கு போன் போட்டு, “போர்ட் பழசாயிருச்சு தம்பி, புதுசா ஒன்னு அடிச்சுக் குடுங்க” என்பார்.