சிப்பிக்குள் விழுந்த மழைத்துளி

கேள்வி: மழைத்துளி சிப்பிக்குள் விழுந்துதான் முத்தாகிறது என்பார் என் பாட்டி. உண்மையா?

பதில்: கடலுக்குள்ளேயே குடியிருக்கும் சிப்பி, ஒரு சொட்டு மழைக்கு ஏங்குவானேன்? அதற்குள் முத்து விளைய ஒரு தொந்தரவு வேண்டும். உள்ளே புகும் மணலைச் சிப்பி பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். ஒட்டுண்ணி துளைத்து நுழைந்தாலோ, சதை காயப்பட்டாலோதான் வேலை தொடங்கும். ஓட்டின் உட்புறத்துக்கு மெருகு பூசும் மேலுறைச் செல்கள் சில சதைக்குள் இறங்கி, பைபோல் வளர்ந்து, வந்த விருந்தாளியின்மேல் படலம் படலமாகப் பூசும். பூச்சு என்ன? முட்டை ஓட்டில் இருக்கும் அதே கால்சியம் கார்பனேட்! அடுக்கும் நேர்த்தியில்தான் அந்த மினுமினுப்பு. இந்தச் சூட்சுமம் பிடிபட்டதால், 1973-இல் தூத்துக்குடிப் பக்கம் நம் விஞ்ஞானிகள் உருண்டை முத்தையே வளர்த்துக் காட்டினார்கள். கொற்கை முத்து விளைந்த அதே கடலோரத்தில்!